கல்லூரிக் குவார்ட்டர்பேக்கின் கணக்கை வாசிப்பது எப்படி?

கொலம்பஸ் நகரத்தில் சனிக்கிழமை காய்கறி வாங்கக் கிளம்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஆட்ட அட்டவணையை. ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி சொந்த மைதானத்தில் ஆடும் நாளில் ஒரு லட்சம் பேர் அந்தக் குதிரைலாட அரங்கத்தை நோக்கி வருவார்கள். லேன் அவென்யூ பக்கம் வண்டி நகராது. குடிவந்த முதல் வருடம் இது தெரியாமல் போய், ஒரு கட்டுக் கீரையோடு ஒன்றரை மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். இத்தனை பேரை இழுக்கிற ஆட்டம் என்னதான் என்று அன்று மாலை தொலைக்காட்சியைப் போட்டேன். ஆட்டம் பிடிபடவில்லை. ஆனால் இடைவேளையில் காட்டிய அட்டவணை உடனே பிடித்துப் போயிற்று. கணக்கு எழுதுவது என் தொழில். வரியும் பத்தியும் இருந்தால் எனக்குப் போதும்.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்கும் இது சரிப்படும். ஆட்டத்தில் இவ்வளவு தெரிந்தால் போதுமானது: பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. அவர் அதை எறிவார், ஓடுகிறவரிடம் கொடுப்பார், அல்லது தானே ஓடுவார்.

பாடத்துக்குக் குவார்ட்டர்பேக் ஜோ பரோவின் கல்லூரிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒஹையோவின் ஏதென்ஸ் பகுதிப் பையன், எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எல்லோரும் 2019 வரியை விரல் வைத்துக் காட்டுவார்கள்: 527 முறை எறிந்து 402 பிடிபட்டன, 5,671 யார்டு, 60 டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது), எதிரணியிடம் போனவை 6 மட்டுமே. அந்த வரியைக் கையால் மூடிவிட்டு மேலே பாருங்கள்.

2015-க்கு வரியே இல்லை. 2016-இல் 28 எறிதல், 226 யார்டு. 2017-இல் 11 எறிதல், 61 யார்டு. ஒஹையோ ஸ்டேட்டில் மூன்று வருடம் இருந்ததற்கு மொத்தம் 39 எறிதல், 287 யார்டு, இரண்டு டச்டவுன். வணிகக் கணக்கில் இப்படி மூன்று ஆண்டு வரவில்லாமல் கிடந்தால் கடையை மூடச் சொல்லுவேன். இங்கே ஒவ்வொரு காலியிடத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் வாசிப்பவரின் முதல் வேலை.

2015-இன் காரணத்துக்கு ‘ரெட்ஷர்ட்’ என்று பெயர். ஒரு மாணவருக்கு ஐந்து ஆண்டுக் காலத்தில் நான்கு பருவங்கள் ஆட உரிமை உண்டு. முதல் வருடம் பயிற்சியில் மட்டும் வைத்திருந்து, ஆட்டத்தில் இறக்காமல் விட்டால் அந்தப் பருவம் செலவாகாது. அப்போதெல்லாம் ஒரே ஓர் ஆட்டத்தில் தலைகாட்டினாலும் பருவம் போய்விடும், காயமடைந்தவருக்குத்தான் விலக்கு. 2018 முதல் நான்கு ஆட்டங்கள் வரை ஆடலாம் என்று தளர்த்தினார்கள். ஆகவே சமீபத்திய ஆட்டக்காரர் ஒருவரின் முதல் வரியில் நான்கு ஆட்டங்களும் சொற்ப எறிதலும் இருந்தால், அவர் தோற்றுப்போனார் என்று எழுதிவிடாதீர்கள். கொள்ளைநோய் வந்த 2020 பருவம் யாருடைய கணக்கிலும் கழிக்கப்படவில்லை. ஆறு வருடம் ஆடியவர்கள் கண்ணில் படுவது அதனால்தான், படிப்பில் மந்தம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

2016-இல் ஜே. டி. பாரெட் முதல்நிலை ஆட்டக்காரர். பரோ அவருக்குப் பின்னால் நின்றார். 2017-தான் எனக்கு மிகவும் பிடித்த காலியிடம். அந்த ஆகஸ்டில், பருவம் தொடங்குமுன்பே, பரோவின் எறியும் கையில் எலும்பு முறிந்தது. இரண்டாம் இடம் டுவைன் ஹாஸ்கின்ஸிடம் போனது. நவம்பரில் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் பாரெட் காயமடைந்தபோது களம் இறங்கியவர் ஹாஸ்கின்ஸ். பின்தங்கி இருந்த ஆட்டத்தை 31-20 என்று வென்று கொடுத்தார். அடுத்த வசந்தத்தில் போட்டி வைத்தபோது தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு நல்ல பழக்கம் சொல்கிறேன். காலி வரியைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலிக்காரரின் வரியையும் எடுத்துப் பாருங்கள். 2018-இல் ஹாஸ்கின்ஸ் 4,831 யார்டு, 50 டச்டவுன் எறிந்தார். பரோவை ஒதுக்கிய பயிற்சியாளர்கள் குருடர்கள் என்று இன்று பேசுகிறவர்கள் இந்த வரியைப் படிக்காதவர்கள். இரண்டு நல்ல பையன்கள், ஒரே நாற்காலி.

அடுத்துக் கல்லூரியின் பெயர் மாறும் இடம். பரோ மூன்று ஆண்டுகளில் பட்டத்தை முடித்துவிட்டு, 2018 மே மாதம் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது எல்.எஸ்.யு.வுக்குப் போனார். பட்டம் முடித்தது ஏன் முக்கியம் என்றால், அன்றைய விதிப்படி கல்லூரி மாறுகிற மாணவர் பொதுவாக ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும், பட்டதாரிக்கு அந்தத் தடை இல்லை. 2021-இல் ஒருமுறை தடையில்லாமல் மாறலாம் என்றார்கள். 2024-இல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. ஆகவே 2018-இல் ஒருவர் கல்லூரி மாறியதும் இன்று ஒருவர் மாறுவதும் ஒன்றல்ல. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம். இப்போதைய இடமாற்றங்களைப் படிக்கும்போது அந்தப் பண வரவையும் மனத்தில் வையுங்கள்.

எல்.எஸ்.யு.வில் முதல் பருவம் சாதாரணமானது: 379-இல் 219, 2,894 யார்டு, 16 டச்டவுன். அதற்கு அடுத்த வரி அந்த 60. இப்படி ஒரு பாய்ச்சல் தெரிந்தால் தணிக்கையாளர் என்ன செய்வார்? இடையில் யார் வந்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று கேட்பார். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் எறிதல் ஆட்டத்தை வடிவமைக்க வந்திருந்தார். பந்தைப் பிடிக்க ஜமார் சேஸ் இருந்தார், 1,780 யார்டு. ஜஸ்டின் ஜெஃபர்சன் இருந்தார், 1,540 யார்டு. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்கு நாட்டிலேயே சிறந்தது என்ற ஜோ மூர் விருது கிடைத்தது. இதனால் பரோவின் பெருமை குறைந்துவிடாது. ஆனால் குவார்ட்டர்பேக்கின் வரி அவர் ஒருவருடைய சம்பாத்தியம் அல்ல, கூட்டுக்குடும்பத்தின் வரவு.

நான் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒரு குவார்ட்டர்பேக்கின் ஓட்டப் பத்தியில் யார்டுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்தேன். எதிர்வீட்டில் இருந்த, ஓய்வுபெற்ற பள்ளிப் பயிற்சியாளரிடம் போய், “இந்தப் பையன் பின்பக்கமாகவா ஓடினான்?” என்று கேட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் பிறகு விளக்கினார். எறிவதற்குமுன் எதிரணி அவரைப் பிடித்துக் கீழே தள்ளினால் அதற்கு ‘சாக்’ என்று பெயர். அதில் இழந்த யார்டுகளைக் கல்லூரிக் கணக்கில் அவருடைய ஓட்டத்திலிருந்து கழிக்கிறார்கள். செலவைத் தப்பான தலைப்பில் எழுதியிருக்கிறார்கள் என்பதே என் தொழில்முறைக் கருத்து. ஆனால் விதி அப்படித்தான். பரோவின் 2019 ஓட்டம் 368 யார்டு என்று இருக்கிறதே, அது விழுந்ததெல்லாம் போக மிச்சம்.

எறிதல் மதிப்பெண் என்று ஓர் எண் இருக்கும். அதைக் கண்டு மிரள வேண்டாம், காகிதத்திலேயே போடலாம். யார்டுகளை 8.4-ஆல் பெருக்குங்கள். டச்டவுனுக்கு 330 வீதமும் பிடிபட்ட ஒவ்வொன்றுக்கும் 100 வீதமும் கூட்டுங்கள். எதிரணியிடம் போன ஒவ்வொன்றுக்கும் 200 கழியுங்கள். வந்ததை எறிதல்களின் எண்ணிக்கையால் வகுங்கள். பரோவுக்கு 2018-இல் 133.2, 2019-இல் 202.0. ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் டச்டவுனுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

எதிரில் நின்றது யார் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. பரோவின் 60 இரண்டே வருடத்தில் முறியடிக்கப்பட்டது. 2021-இல் வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஜாப்பி 5,967 யார்டு, 62 டச்டவுன் எறிந்தார். இரண்டு எண்ணுமே பரோவினுடையதைவிடப் பெரியவை. தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 2020 தேர்வில் பரோ முதல் ஆளாக எடுக்கப்பட்டார், ஜாப்பி 2022-இல் 137-ஆவது. பரோவின் எதிரிகள் பட்டியலில் அலபாமா, ஜார்ஜியா போன்ற பலமான அணிகள் இருந்தன. எட்டு முறை தொடர்ந்து தங்களைத் தோற்கடித்த அலபாமாவை, அதன் மைதானத்திலேயே 46-41 என்று எல்.எஸ்.யு. வென்ற ஆட்டத்தில் அவர் எறிந்தது 393 யார்டு. ஆகவே பருவத்தின் மொத்தத்தோடு நிறுத்தாமல் ஆட்டவாரியான பக்கத்தைத் திறந்து, பலமான நான்கைந்து எதிரணிகளின் வரிகளை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். நான் இதற்கென்று ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

பழைய காலத்தவரோடு ஒப்பிடும்போது இன்னொன்று: பருவ இறுதியின் பவுல் ஆட்டங்களை 2002 முதல்தான் கணக்கில் சேர்த்தார்கள். பரோவுக்கு 15 ஆட்டங்கள். அவற்றில் கடைசி இரண்டிலும் மட்டும் 12 டச்டவுன் எறிந்திருக்கிறார்.

கல்லூரி அட்டவணையின் அடியில் தேர்வு எண்ணையும் எழுதிவிட்டு ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே தொழில்முறை வரிகளை அதே பத்திகளில் தொடர வேண்டாம். அங்கே சாக் யார்டுகள் ஆட்டக்காரரின் ஓட்டத்தில் கழிவதில்லை. மதிப்பெண்ணின் சூத்திரமும் வேறு, உச்சம் 158.3. அங்கே 202 என்று எழுதினால் கூட்டலில் பிழை என்று பொருள்.