குறைந்த செலவில் மெத்தை: திருநெல்வேலிப் பக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெத்தைக் கடைக்குள் நுழைந்ததும் நாம் முதலில் உள்ளங்கையால் மெத்தையை அழுத்திப் பார்க்கிறோம். அடுத்து அதன் உயரத்தைப் பார்க்கிறோம். அப்புறம் விலையைக் கேட்கிறோம். இந்த மூன்றை வைத்தும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கையில் 8,000, 10,000 ரூபாய் மட்டுமே வைத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பணம் உயரத்துக்கும் பூப்போட்ட மேல்துணிக்கும் போய்விடுகிறது. இரண்டு வருடத்தில் நடுவில் குழி விழுந்துவிடுகிறது.

கல்யாணச் சீரில் கட்டில், பீரோவோடு மெத்தையும் கொடுக்கும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். பார்வைக்குக் கனமாக இருக்க வேண்டும் என்று 8 அங்குல மெத்தையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட் சிறியது என்றால் அந்த 8 அங்குலத்துக்குள் மட்டமான ஃபோம்தான் இருக்க முடியும்.

ஃபோம் மெத்தை என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை டென்சிட்டி என்பது. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கிறது என்பதுதான் அந்த எண். தினமும் படுக்கும் மெத்தைக்கு 32-க்குக் குறையாமல் பாருங்கள், 40 கிடைத்தால் நல்லது. 20 டென்சிட்டியில் 8 அங்குலம் செய்யவும், 40 டென்சிட்டியில் 4 அங்குலம் செய்யவும் ஏறக்குறைய ஒரே எடை ஃபோம்தான் தேவை. அதாவது ஒரே பணத்தில் இரண்டில் ஒன்றை வாங்கலாம். மெல்லியதாக இருந்தாலும் இரண்டாவதுதான் நிலைத்து நிற்கும். உடல் கனம் அதிகமானவர்களுக்கு அதிலேயே 5 அங்குலம் போதும்.

கடைக்காரர் சொல்லும் டென்சிட்டி உண்மைதானா என்று எடை போட்டே பார்த்துவிடலாம். 6 அடி நீளம், 4 அடி அகலம், 5 அங்குல உயரம் உள்ள மெத்தை சரியாக 10 கன அடி. 32 டென்சிட்டி என்றால் ஃபோம் மட்டும் 9 கிலோ வர வேண்டும். 40 என்றால் 11 கிலோவுக்கு மேல். 20 என்றால் 6 கிலோ கூட வராது. மேலுறையின் எடை இதற்கு மேல் கொஞ்சம் வரும். எடையைக் கூட்ட கால்சியம் கார்பனேட் பொடி கலந்த ஃபோமும் சந்தையில் உண்டு. அதனால் ஒரு மூலையைக் கசக்கி விட்டும் பாருங்கள். நல்ல ஃபோம் சட்டென்று பழையபடி எழும்பும், பொடி உதிராது. துண்டு ஃபோம்களை ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் மெத்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது இயல்பாகவே கனமாகவும் கெட்டியாகவும் இருக்கும்.

"அண்ணாச்சி, உள்ள என்ன போட்டிருக்கு, எத்தனை டென்சிட்டி, பில்லுல எழுதித் தருவீங்களா?" என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

"ஆர்த்தோ" என்று எழுதியிருந்தால்

முதுகு வலி இருக்கிறது என்றதும் பலகை மாதிரி கெட்டியான மெத்தையைக் காட்டுவார்கள். அதன் மேல் "ஆர்த்தோ" (எலும்பு, மூட்டு மருத்துவத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்) என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லை எந்தத் தயாரிப்பாளரும் போட்டுக்கொள்ளலாம், அதைப் பார்த்துக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது என்பதுதான் அதன் முடிவு.

கடையில் கூச்சப்படாமல் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். வீட்டில் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே படுக்க வேண்டும். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை நுழைத்தால், கை சுலபமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. இடுப்பு கீழே அமுங்கி, நுழைக்கவே முடியாவிட்டால் மெத்து அதிகம். ஒருக்களித்துப் படுப்பவர்கள் தோளும் இடுப்பெலும்பும் நோகிறதா என்று பார்க்க வேண்டும். வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ மெத்தைக் கடைக்கு முன்னால் மருத்துவரிடம் போங்கள்.

நம் ஊர் வெயிலும் ஈரமும்

மெத்தையைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி, ஏசி அறையை மனதில் வைத்துச் சொல்வது. பாளையங்கோட்டையில் சித்திரை மாதம் மின்விசிறிக்குக் கீழே தூங்குகிறவர் மெமரி ஃபோம் (உடல் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு அமுங்கும் ஃபோம்) வாங்கினால் இரவெல்லாம் வியர்த்துப் போவார். அது உடம்பைச் சுற்றி அமுங்குவதால் காற்று போக வழி குறைகிறது, சூடு அங்கேயே தங்குகிறது. குறைந்த விலை மெத்தையில் மேலே ஓர் அங்குல மெமரி ஃபோம் ஒட்டிவிட்டு விலையைக் கூட்டியிருந்தால் அது உங்களுக்கு வேண்டாத செலவு.

மேற்கே போனால் கதை வேறு. தென்காசி 2019-ல் தனி மாவட்டம் ஆனாலும் பேச்சில் எல்லாம் நெல்லைச் சீமைதான். குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் தொடங்கினால் வீட்டுச் சுவரே ஈரம் கோக்கும். அங்கே காயர் மெத்தையைத் தரையில் போட்டால் அடிப்பக்கம் பூசணம் பிடிக்கும். காயர் மெத்தை என்பது தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்வது. காற்றோட்டம் உள்ளது, சூடு தராது, விலையும் கட்டுப்படி ஆகும். வறண்ட நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். நடுவில் அமுங்காமல் இருக்க மாதம் ஒரு முறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போட வேண்டும். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் மலிவான ஸ்பிரிங் மெத்தையைத் தவிர்ப்பது நல்லது, உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும்.

வெக்கைக்கு நம்மிடமே ஒரு மலிவான வழி இருக்கிறது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பத்தமடையில் பாய் நெய்கிறார்கள். தாமிரபரணிக் கரைக் கோரைக்குப் பேர்போன ஊர் அது. கல்யாணத்துக்கு வாங்கும் பட்டுப் பாய் தேவையில்லை. சாதாரணக் கோரைப் பாய் ஒன்றை மெல்லிய மெத்தையின் மேல் விரித்தால் முதுகில் காற்று ஓடும்.

மெத்தை வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் அதன் மேலேயே விரிப்புப் போட்டுப் படுப்பது இன்னொரு தவறு. அழுக்காகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். வியர்வை வெளியேற வழியில்லாமல் மெத்தைக்குள்ளேயே ஈரம் நின்று வாடை பிடிக்கும். உறையைக் கழற்றிவிட்டு, துவைக்கக்கூடிய பருத்தி உறை ஒன்று போடுங்கள். தரையில் மெத்தை போடுபவர்கள் காலையில் எழுந்ததும் அதைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும்.

இலவம் பஞ்சைப் பழசு என்று ஒதுக்குவது

இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. சிறிய பட்ஜெட்டுக்கு நம் ஊர் வெயிலில் இலவம் பஞ்சு மெத்தையைப் போலப் பொருந்துவது குறைவு. இலவம் பஞ்சின் இழை குழாய் போல உள்ளே வெற்றானது, மேலே மெழுகுப் பூச்சு உள்ளது. அதனால் எடை குறைவு, ஈரத்தைச் சுலபத்தில் உறிஞ்சாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஃபோம் மெத்தை அமுங்கினால் தூக்கிப் போடத்தான் வேண்டும். பஞ்சு மெத்தையைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, அடித்து, குறைந்த பஞ்சைச் சேர்த்து மறுபடி தைத்துக்கொள்ளலாம். பழைய துணியைக்கூட மாற்றலாம்.

ஆனால் வாங்கத் தெரிந்து வாங்க வேண்டும். ஆயத்தமாகத் தைத்து அடுக்கி வைத்த மெத்தையில் உள்ளே இருப்பது மில் கழிவுப் பஞ்சா, பழைய மெத்தையைப் பிரித்த பஞ்சா என்று தெரியாது. கண் முன்னால் அடைத்துத் தைத்துத் தரும் இடத்துக்குப் போங்கள். பஞ்சு கிலோ என்ன விலை, துணி என்ன விலை, தையல் கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் முறுக்குங்கள். பருத்தி என்றால் திரி போல முறுக்கேறும். இலவம் பஞ்சு வழுக்கிப் பிரிந்துவிடும், பட்டு போல ஒரு மினுக்கம் இருக்கும். கறுப்பு விதை நிறையக் கிடந்தால் சுத்தம் செய்யாத பஞ்சு. விதைக்கு எலியும் பூச்சியும் வரும்.

மாசி, பங்குனியில் தொடங்கி சித்திரை வரை காய் முற்றும் காலம், அப்போது புதுப் பஞ்சு கேட்டுப் பார்க்கலாம். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. நெருக்கமாக அடைக்கச் சொல்லுங்கள். தளர்வாக அடைத்தால் சில மாதத்திலேயே பஞ்சு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். குறையும் உண்டு: நாளாக ஆக இழை நொறுங்கித் தூசியாகும். ஆஸ்துமாவோ தூசி ஒவ்வாமையோ உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்கு நல்ல ஃபோமே சரி.

அளவும் ஆளும்

ஆசாரியிடம் செய்த கட்டில் என்றால் கடை அளவுகளான 72, 75, 78 அங்குலத்தில் எதோடும் பொருந்தாமல் போகலாம். கட்டிலின் வெளிச்சட்டத்தை விட்டுவிட்டு உள்பக்கம் அளந்து, எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கட்டிலில் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள் இருந்தால், முதலில் ஒரு பிளைவுட் போடுங்கள். இல்லாவிட்டால், இடைவெளி அதிகமானால் எந்த மெத்தையும் குழி விழலாம், உத்தரவாதமும் செல்லாமல் போகலாம்.

இருவர் படுக்க ஒரே பெரிய மெத்தைதான் வேண்டும் என்பதில்லை. 6 அடிக்கு 3 அடி மெத்தை இரண்டை ஒட்டிப் போடலாம். ஒருவர் கனமாகவும் மற்றவர் மெலிவாகவும் இருந்தால் அவரவருக்கு ஏற்ற கெட்டியில் வாங்கலாம். ஒருவர் புரண்டால் மற்றவர் தூக்கம் கெடாது. திருநெல்வேலி டவுன் ரத வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளின் குறுகலான மச்சுப்படியில் ஏற்றலாம், மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் போடவும் ஒருவரால் முடியும்.

வீட்டில் தாத்தா, ஆச்சி இருந்தால் கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரத்தைப் பாருங்கள். உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கைக்குழந்தையை மெத்தென்ற மெத்தையில் தூங்க வைக்கவே கூடாது. முகம் புதைந்து மூச்சு முட்டும் ஆபத்து இருக்கிறது. குழந்தைக்குச் சமமான, கெட்டியான படுக்கைதான் வேண்டும்.

பழைய மெத்தையும் ஆன்லைனும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய மெத்தை எதுவாக இருந்தாலும், காய வைத்துப் பயன்படுத்துவது ஆபத்து. மேலே காய்ந்தாலும் நடுவில் பூசணமும் கிருமியும் தங்கும். இப்படிப்பட்ட மெத்தைக்குப் புதுத் துணி தைத்து விற்றால் வெளியே தெரியாது. அதனால் பழைய மெத்தை மலிவாக வருகிறது என்றால் உறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் தையல் ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். கட்டிலை வேண்டுமானால் பழையதாக வாங்குங்கள், மெத்தையைப் புதிதாகவே வாங்குங்கள்.

ஆன்லைனில் "100 இரவு படுத்துப் பாருங்கள்" என்று போட்டிருந்தால், திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதி உங்கள் பின்கோடுக்கு உண்டா, அந்தச் செலவு யாருடையது என்று முதலில் கேளுங்கள். நகரத்துக்கு இருக்கும் வசதி ராதாபுரத்துக் கிராமத்துக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. உத்தரவாதம் பத்து வருடம் என்றாலும் எத்தனை அங்குலக் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பதைப் படியுங்கள். கறை பட்டால் பல நிறுவனங்கள் மறுத்துவிடும்.

மெத்தை வீட்டுக்கு வந்த அன்று, வண்டிக்காரர் போவதற்கு முன்பே உறையைப் பிரித்து ஜிப்பைத் திறந்து உள்ளே பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து, பில்லில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.