மூளையைக் கழற்றி வைக்காமல் பார்க்க வேண்டிய எபிசோட்

"மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கணும்" என்று சில படங்களைப் பற்றிச் சொல்வோம். ஒரு விண்வெளிக் கப்பலின் குழுவைப் பற்றிய பழைய ஸ்டார் ட்ரெக் டிவி தொடர் அதை நிஜமாகவே செய்து காட்டியது. எபிசோடின் பெயரே 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்', அதாவது கப்பலின் அதிகாரி ஸ்பாக்கின் மூளை. 1968 செப்டம்பர் 20 அன்று, மூன்றாவது சீசனின் முதல் எபிசோடாக அமெரிக்காவின் என்பிசியில் வந்தது. அந்தத் தொடரின் மோசமான எபிசோடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இதன் பெயர் வராமல் இருக்காது. ஆனாலும் எனக்கு இது பிடிக்கும். பார்க்கிற விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

காமெடி என்று நினைத்து உட்காருவதுதான் பெரிய தவறு. அந்தத் தொடரில் வேண்டுமென்றே சிரிக்கவைத்த எபிசோட் வேறு. ரோம உருண்டைகள் கப்பல் முழுக்கக் குட்டி போட்டுப் பெருகுமே, அது. இங்கே யாரும் விளையாடவில்லை. காரா என்ற பெண் திடீரென்று கப்பலுக்குள் தோன்றுகிறாள், கையில் கட்டியிருக்கும் பட்டையைத் தட்டுகிறாள், எல்லாரும் மயங்கி விழுகிறார்கள். விழித்துப் பார்த்தால் ஸ்பாக்கின் மூளையைக் காணோம். டாக்டர் மெக்காய் அந்தச் சேதியைச் சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொல்கிறார். அந்தக் குரல்தான் சிரிப்பே. "சும்மா கிண்டலுக்கு எடுத்திருக்கிறார்கள்" என்று நினைத்துவிட்டால் எல்லாம் சப்பென்று ஆகிவிடும்.

அப்புறம், கையில் போனை வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். நல்ல இடங்கள் எல்லாம் ஓரத்தில் நடக்கின்றன. மூளை போன உடம்பைக் கப்பலிலேயே கிடத்திவிட்டா போகிறார்கள்? தலையில் ஒரு கருவியை மாட்டி, ரிமோட்டால் இயக்கிக் கூடவே கூட்டிப்போகிறார்கள். பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம். ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமாய் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நடக்கிறார், நிற்கிறார், திரும்புகிறார். கேப்டன் கர்க் வசனம் பேசும்போது பின்னால் நிற்கும் இவரைப் பாருங்கள்.

மூளை போன இடம் ஒரு பாதாள நகரம். அங்கே காற்று, வெப்பம், தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு மூளை வேண்டுமாம். எடுத்துப்போன காராவிடம் கேட்டால், "மூளை, மூளை! மூளை என்றால் என்ன?" என்று திருப்பிக் கேட்கிறாள். கடைசியில் மெக்காய் ஒரு கருவியைத் தலையில் மாட்டி அறுவை சிகிச்சை அறிவை வாங்கிக்கொள்கிறார். பாதியில் அது மறந்துபோகிறது. உடனே ஸ்பாக்குக்குப் பேச்சு வரவழைக்கிறார்கள். அடுத்து எதை எதோடு இணைப்பது என்று அவரே சொல்லச் சொல்ல டாக்டர் செய்கிறார். தன் ஆபரேஷனுக்குத் தானே மேஸ்திரி! எல்லாம் முடிந்து எழுந்தால் தலையில் ஒரு முடிகூடக் கலைந்திருக்காது.

ஸ்டார் ட்ரெக்கே பார்க்காதவருக்கு இதை முதலில் போட்டுக்காட்டக் கூடாது. நான் அப்படி ஒரு நண்பரை இழந்தேன். நட்பு இருக்கிறது, தொடரின் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.

இன்னொன்று, எழுதியவரைத் திட்டுவது. திரையில் லீ குரோனின் என்று வரும். யாரோ கத்துக்குட்டி என்று தோன்றும். அது ஜீன் எல். கூனின் புனைபெயர். கிளிங்கான்கள் என்ற எதிரி இனத்தைத் தொடருக்குள் கொண்டுவந்தவர் அவர். முதல் சீசனில், சுரங்கத்தில் ஆட்களைக் கொல்லும் பாறைப் பிராணி, தன் முட்டைகளைக் காக்கத்தான் அப்படிச் செய்தது என்று ஒரு கதை வருமே, அதுவும் அவர் எழுதியதுதான். நண்பருக்கு நான் அதைக் காட்டியிருக்க வேண்டும்.

பணம் குறைந்ததால் வந்த வினை என்பார்கள். மூன்றாவது சீசனில் பட்ஜெட்டைக் குறைத்தது உண்மை. வெள்ளி இரவு 10 மணிக்குத் தள்ளியதும் உண்மை. வெறிச்சோடிய அறைகளுக்கு வேண்டுமானால் அது காரணமாக இருக்கலாம். ரிமோட்டில் நடக்கும் ஸ்பாக்கைப் பணமா எழுதியது?

ஆபரேஷன் முடிந்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள். ஸ்பாக் எழுந்து உட்கார்ந்த உடனே அந்த நகரத்தின் வரலாற்றைப் பிரசங்கம் செய்யத் தொடங்குவார். வாயை மட்டும் இணைத்திருக்கவே கூடாது என்று மெக்காய் நொந்துகொள்வார், எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கவைக்க என்றே எழுதிய இடம் அது. எனக்கு அங்கே மட்டும்தான் சிரிப்பு வரவில்லை.