பாக்டீரியா புரதம் எண்ணெயைப் பிடித்து வைக்குமா? ஒரு நாள் சோதனை

ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமலிருக்க ஒரு பாக்டீரியா புரதம் உதவும் என்று 2015-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ, டண்டீ பல்கலைக்கழகத்தார் அறிவித்தார்கள். அதன் பெயர் பிஎஸ்எல்ஏ. பேசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா கூட்டமாக வாழும்போது மேலே போர்த்திக்கொள்ளும், தண்ணீர் ஒட்டாத போர்வை அது. தண்ணீருக்குள் இருக்கும்வரை எண்ணெய்க்கு இணக்கமான முனையை உள்ளே மடக்கி வைத்திருக்கும். எண்ணெய்த் துளியைத் தொட்டதும் அந்த முனை வெளியே திரும்பும். பக்கத்துப் புரதங்களும் சேர்ந்து துளியைச் சுற்றிப் பாலாடை போல ஒரு தோல் கட்டிவிடும்.

இப்படிப்பட்ட புரதக் கரைசல் கையில் இருந்தால், அது எண்ணெயைப் பிடித்து வைக்கிறதா என்று சோதிப்பது எளிது.

1. கண்ணாடிக் குழாயில் 2 மில்லி கரைசல், 2 மில்லி மண்ணெண்ணெய். பாலிஸ்டைரின் குழாய் வேண்டாம், மண்ணெண்ணெய் அதை அரித்துவிடும். பக்கத்தில் தீ கூடாது.

2. இன்னொரு குழாயில் புரதம் இல்லாத வெறும் பஃபரும் (புரதத்தைக் கரைக்கும், அமிலத்தன்மை எளிதில் மாறாத நீர்) மண்ணெண்ணெயும். இதை விட்டுவிடாதீர்கள். ஒருமுறை எனக்குக் கெட்டியான பால்மம் (எண்ணெயும் தண்ணீரும் பால் போலக் கலந்தது) கிடைத்து ஒரே குஷி. வெறும் பஃபர் குழாயிலும் அதே பால்மம்! குழாய் கழுவிய சோப்பு சரியாகப் போகவில்லை, அவ்வளவுதான்.

3. இரண்டையும் வார்டெக்ஸில் (குழாயை வேகமாகக் குலுக்கும் கருவி) 2 நிமிடம் கலக்கி, 24 மணி நேரம் ஆடாமல் வையுங்கள்.

4. பால்ம அடுக்கின் உயரத்தை மொத்த உயரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 40 மில்லிமீட்டரில் 22 என்றால் 55 சதவீதம். மேலே நிற்கும் நுரையைச் சேர்க்காதீர்கள். நுரை வேறு, பால்மம் வேறு.

அப்புறம் நிலைப்புத்தன்மை. கரைசலைப் பங்கு பிரித்து 50, 70, 90 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறிய பிறகு இதே சோதனை. உப்பு, பி.எச். (அமில-கார அளவு) மாற்றியும் அப்படியே. புரதம் தன் மின்னூட்டத்தை இழக்கும் பி.எச். பக்கம் போனால் துளிகள் ஒன்றையொன்று தள்ளாமல் திரளத் தொடங்கும்.

பால்மம் மேலே ஒதுங்கினால் உடனே கெட்டுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். குழாயை மெதுவாகக் கவிழ்த்துப் பாருங்கள். மறுபடி பால் போலப் பரவினால், துளிகள் மிதந்து மேலே வந்திருக்கின்றன, தோல் கிழியவில்லை. தெளிந்த எண்ணெய் தனியாக நின்றால்தான் உண்மையில் உடைந்தது.