கலந்து கொட்டிய பருப்பு: முதியோர் இல்லத்தில் வீட்டு வேலைகளைக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம், புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பெண் ஒருத்தி பாக்கெட் அரிசியில் பொடிக் கற்களைக் கலந்துகொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "பாட்டிகள் பொறுக்குவதற்கு, அக்கா. இந்த அரிசியில் கல்லே இல்லை" என்றாள். அவளிடமிருந்து தட்டை வாங்கி ஓரமாக வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நானும் இதையே வேறு விதமாகச் செய்திருக்கிறேன். இப்போது எனக்கு 14 ஆண்டு அனுபவம். கோவைப் பக்கத்து முதியோர் இல்லங்களில் மறதிநோய் உள்ளவர்களோடுதான் என் பெரும்பாலான நாட்கள் கழிகின்றன.

கத்தியைக் கையில் கொடுக்காதீர்கள், ஈரத் தரையில் நடக்க விடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை முதல் நாளிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில், வீட்டு வேலை ஏன் நினைவைத் தொடுகிறது என்று பார்த்துவிடலாம். மறதிநோய்களில் மிகப் பரவலான அல்சைமர் நோய், புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியைத் தொடக்கத்திலேயே தாக்குகிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்டது என்ன என்பது மதியத்துக்குள் மறந்துபோகிறது. கை பழகிய வேலைகள் அப்படி உடனே போய்விடுவதில்லை. பூக் கட்டுவதும் கீரை ஆய்வதும் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை நெடுநாள் தாங்கும். கை அசையத் தொடங்கியதும், அந்த வேலையோடு ஒட்டியிருந்த வீடும் திண்ணையும் மனிதர்களும் பேச்சில் வந்துவிடுகிறார்கள். முதியவர்கள் பழங்கதை பேசுவதை மூப்பின் தளர்ச்சி என்று ஒதுக்கிய காலம் இருந்தது. அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சீர்செய்துகொள்ளும் இயல்பான வேலை என்று 1963-ல் எழுதினார் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். நாங்கள் செய்வதெல்லாம் அதற்கு ஒரு முறத்தையும் ஒரு பிடி கீரையையும் துணை சேர்ப்பதுதான்.

பொய் வேலை கொடுப்பது

எத்தனை ஆண்டுகள் ஆனாலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது. செய்தவள் நான் என்பதால் இன்னும் அதிகமாக உறுத்துகிறது.

பயிற்சியில், இரண்டு வகைப் பருப்பைக் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம் என்று கற்றுக் கொடுத்திருந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். பேச்சு மிகவும் குறைந்து, சாப்பாட்டையும் தள்ளிவிடத் தொடங்கியிருந்தார். துவரம்பருப்பையும் பாசிப்பயறையும் ஒரு டம்ளர் அளவுக்குக் கலந்து முறத்தில் கொடுத்தேன். அடுத்த நிமிடம் விரல்கள் ஓடத் தொடங்கின. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் எழ மாட்டார். மூன்றாம் நாளே பேச்சு வந்தது. மாட்டு வண்டியில் சந்தைக்குப் போனது, மாமியாருக்குத் தெரியாமல் வளையல் வாங்கியது, திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வரும் மகள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்.

நான் செய்ததைக் கேளுங்கள். தினமும் அவர் எழுந்து போனதும், பிரித்த பருப்பு இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்கி, மறுநாளைக்கு என்று எடுத்து வைப்பேன். ஐந்து வாரம் இப்படியே நடந்தது. ஒரு நாள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைத் தேடித் திரும்பி வந்தவர், நான் கொட்டுவதைப் பார்த்துவிட்டார். டப்பாவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை நாளும் இதுதானா, கண்ணு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு அவர் முறத்தைத் தொடவே இல்லை. நிகழ்ந்தது அவருக்கு மறந்துபோயிருக்கும் என்று நம்பிக்கொண்டு மறுநாள் மீண்டும் நீட்டினேன்; விரல் நுனியால் தள்ளிவிட்டார். என் பெயரும் முகமும் அவருக்கு மறந்துவிட்டன. ஆனால் முறத்தின் மேல் வந்த வெறுப்பு மட்டும் அப்படியே நின்றது. 2014-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் உள்ளவர்களுக்குத் திரைக்காட்சிகளைக் காட்டி, காட்சி மறந்த பின்னும் அது எழுப்பிய சோகமும் மகிழ்ச்சியும் நீடிப்பதைப் பதிவு செய்தார்கள். அந்த ஆய்வைப் பின்னால் படித்தபோது எனக்குப் பாட்டியின் விரல் நுனிதான் கண்முன் வந்தது. மகளின் நோட்டில் பாதிக்கு மேல் வெறுமையாகவே நின்றுபோனது.

ஆகவே, சமையலறைக்கு இன்று உண்மையில் என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். பாக்கெட் அரிசியில் கல் இல்லையென்றால் கல் பொறுக்கும் வேலை முடிந்துபோன வேலை, விட்டுவிடுங்கள். சின்ன வெங்காயம் உரிப்பதும், முருங்கைக்கீரை உருவுவதும், அவரைக்காய்க்கு நார் எடுப்பதும், புளியில் கொட்டை நீக்குவதும், துவைத்துக் காய்ந்த துண்டுகளை மடிப்பதும் எந்த இல்லத்திலும் தினமும் இருக்கின்றன. விளக்குக்குத் திரி திரிக்கலாம். கால் கிலோ வெங்காயம் போதும். உரித்ததை அவரே சமையல்காரரிடம் கொடுக்கட்டும். மதியம் சாம்பார் ஊற்றும்போது "இது நீங்கள் உரித்த வெங்காயம்" என்று சொல்லுங்கள். கீரையில் ஒரு காம்பு தங்கிவிட்டால் தங்கட்டும். நம் வீட்டுக் கீரையிலும் தங்குகிறது. சமையலறையில் எப்படியும் அலசித்தான் போடுவார்கள். எது நடந்தாலும் அவர் கண்முன் வேலையைத் திருத்தாதீர்கள்.

"ஞாபகம் இருக்கிறதா?"

இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். இல்லை என்று சொல்ல வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளுகிறீர்கள். "இந்தப் புளி நல்ல புதுப் புளி போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். வர வேண்டியது தானாக வரும்.

பெண்களுக்குக் கீரை, ஆண்களுக்குச் செய்தித்தாள்

ஆளைத் தெரிந்துகொள்ளாமல் வேலையைப் பிரிக்கிறோம். மளிகைக் கடை வைத்திருந்த ஐயா ஒருவருக்குத் தினமும் செய்தித்தாள் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அவர் அதைப் படிக்கவில்லை. ஓரத்தைக் கிழித்துக் கிழித்துச் சுருட்டினார். முரண்டு பிடிக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். உற்றுப் பார்த்தபோதுதான் அது பொட்டலம் என்று புரிந்தது. நூல்கண்டும் கடுகும் கொண்டுவந்து வைத்தோம். நூறு கிராம் கடுகைத் தராசு இல்லாமல் கையால் அள்ளி, கூம்பாக மடித்து, நூலைச் சுற்றிச் சுண்டி அறுத்தார். கடைக்கு வந்தவர்களின் கடன் கணக்கு அன்று மாலைவரை ஓடியது.

ஒருவரின் 10 வயது முதல் 30 வயது வரையான காலத்தைக் கேட்டு அறியுங்கள். முதுமையில் மிகுதியாக எழுவது அந்த வயதின் நினைவுகள்தான். இன்று 80 வயதானவருக்கு அது ஏறத்தாழ 1955 முதல் 1975 வரை. குக்கரையும் மிக்ஸியையும் காட்டினால் பலருக்கு ஒன்றும் அசையாது. அம்மிக் குழவியைக் கையில் வைத்துப் பாருங்கள்.

காயம் பட்ட வேலை

நாற்பது ஆண்டுகள் பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்தே பிள்ளைகளை ஆளாக்கிய ஓர் அம்மாவிடம், பித்தளைக் குத்துவிளக்கையும் புளியையும் நீட்டினார் ஒரு பணியாளர். "இங்கேயும் தேய்க்க வேண்டுமா?" என்று அவர் அழுதுவிட்டார். எல்லா வேலையும் இனிய நினைவல்ல. பூக் கட்டுவதும் அப்படித்தான். கணவரை இழந்தபின் பூவைத் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மல்லிகையைக் கொண்டுபோகும் முன் விசாரியுங்கள். சிலர் ஆசையோடு கட்டித் தலையிலும் வைத்துக்கொள்வார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டுக்கும் இடம் கொடுங்கள்.

குன்றிமணி

வேண்டாம். மென்றுவிட்டால் கொடிய நஞ்சு. பல்லாங்குழிக்குப் பெரிய சோழிகள் இருக்கின்றன. அப்போதும் பக்கத்திலேயே இருங்கள்.

மாலை ஐந்து மணிக்குத் தொடங்குவது

பொழுது சாயும் நேரத்தில்தான் பலருக்குக் குழப்பம் கூடும். காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா

கை வேலையில் இருக்கும்போது நீட்டாதீர்கள்.

குடும்பத்திடம் சொல்லாமல் தொடங்குவது

"மாதாமாதம் பணம் கட்டுகிறோம், எங்கள் அம்மாவையே வெங்காயம் உரிக்க வைக்கிறீர்களா?" என்று ஒரு மகன் வரவேற்பறையில் நின்று சத்தம் போட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சமையலறைக்கு ஆள் குறைவு என்பதற்காக முதியவர்களைக் கூப்பிடும் இல்லங்களும் உண்டு, அது சுரண்டல். அதனால் சேர்க்கும் நாளிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, எழுதி வாங்கிக்கொள்கிறேன்: என்ன வேலை, எத்தனை நிமிடம், செய்த பொருள் எங்கே போகிறது, வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த நொடியே நிறுத்துவோம். கடைசி வரியை மட்டும் அந்த முதியவருக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.