இடுப்பு வலிக்காரர்களுக்குக் கடிகார வைத்தியம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) அம்மாவுக்கு இடுப்பு வலி கூடுவது ஞாயிற்றுக்கிழமையில்தான். வாரமெல்லாம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவர், லீவு நாளில் மொத்தத் துணியையும் பீலிக்கரையில் (குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில்) ஒரே மூச்சாகத் துவைப்பார். திங்கட்கிழமை பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போக முடியாமல் படுத்துவிடுவார்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு உளவியல் சிகிச்சையில் சொல்லித்தரும் வழிகளில் ஒன்று, வேலையை அளந்து செய்வது. 'உளவியல்' என்றதும் அம்மாவுக்குக் கோபம்: "அப்ப நான் நடிக்கிறேனா?" இல்லை, வலி மெய்தான். ஆனால் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே கூட்டவோ குறைக்கவோ படுகிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பயமும் கவலையும் அதைக் கூட்டிவிடும்.

கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ, காய்ச்சலும் சேர்ந்திருந்தாலோ இதெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதலில் அளவெடுங்கள். ஒரே வேலையை மூன்று தடவை செய்து, எத்தனையாவது நிமிடத்தில் வலி ஏறுகிறது என்று குறியுங்கள். அம்மாவுக்குத் துவைக்கும்போது 20, 30, 25. சராசரி 25.

அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 20 நிமிடம். இதுதான் உங்கள் அளவு.

அடுத்தது கஷ்டமான படி. போனில் அலாரம் வைத்து, 20 நிமிடம் ஆனதும் எழுந்துவிடுங்கள், வலிக்காவிட்டாலும். "இன்னும் ரெண்டு சேலைதானே" என்று நினைப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் அள்ளிப்போட்டுச் செய்வதும், மறுநாள் முழுக்கப் படுப்பதும் மாறி மாறி வந்தால் வலிதான் ஜெயிக்கும். எழுந்ததும் படுக்க வேண்டாம். இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) நாலு நடை நடந்து, மூச்சை மெதுவாக விட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி உட்காருங்கள். மீதித் துணியைப் புதன்கிழமைக்கு வைத்தாலும் குற்றமில்லை.

வலி கூடிய நாளிலும் கொஞ்சமாவது செய்யுங்கள். "இடுப்பு போச்சு" என்று மனம் சொன்னால், "நேற்று அதிகம் குனிந்தேன்" என்று திருத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரம் சமாளித்தபின் 2 நிமிடம் கூட்டலாம், அதற்கு மேல் அவசரம் வேண்டாம்.

மலையில் இந்தக் கணக்கு நடக்காது. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். ஆகவே, நம் கையில் இருக்கும் வீட்டு வேலையில் தொடங்குங்கள்.

பாதித் துணியோடு எழுந்தால் பக்கத்துக் காம்பரா அக்கா கேட்கத்தான் செய்வார். "அலாரம் அடிச்சிருச்சு" என்று அம்மா வந்துவிடுவார். மீதி வாளி இப்போதெல்லாம் என் தலையில்.