பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை: போனில் போகிற நேரத்தை மிச்சம் பிடிக்கிற வழி

கோவில்பட்டியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "தம்பி, சார்ஜ் நிக்கவே மாட்டேங்கு, பேட்டரிய மாத்திக் குடுங்க" என்று வருகிற பல பேருடைய பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். அதனால் எடுத்ததும் பின்மூடியைக் கழற்ற மாட்டேன். செட்டிங்ஸில் பேட்டரி, அதற்குள் பேட்டரி யூசேஜ் என்று போய், எந்த ஆப் எவ்வளவு சார்ஜைத் தின்றிருக்கிறது என்று காட்டுவேன். இன்ஸ்டாகிராமும் யூடியூபும் மேலேயே நிற்கும். "நான் சும்மா கொஞ்ச நேரந்தானே பாக்கேன்" என்பார்கள். பொய் இல்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. பேட்டரி விற்றால் எனக்கு லாபம்தான். ஆனால் மாற்றிக் கொடுத்தாலும் அடுத்த வாரமே அதே புகாரோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்குக் கடையில் வைத்தே நான் செய்து கொடுக்கிறவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்குப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்' இருக்கும். 2018-இல் ஆண்ட்ராய்டு 9 வந்தபோது கூகுள் கொண்டுவந்தது. ஐபோனில் அதே ஆண்டு ஐஓஎஸ் 12-உடன் 'ஸ்க்ரீன் டைம்' வந்தது. எந்த ஆப்பில் எவ்வளவு நேரம், எத்தனை தடவை போனைத் திறந்தீர்கள், எத்தனை நோட்டிபிகேஷன் என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். மொத்த மணி நேரத்தைப் பார்த்து மலைத்துப் போக வேண்டாம். அதில் மேப், பேங்க் ஆப், வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர் எல்லாம் கலந்து கிடக்கும். எந்த ஒரு ஆப் மிக அதிகம், அதுவும் எந்த வேளையில் என்பது தெரிந்தால் போதும். நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேருக்கு அது ராத்திரிச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில்தான்.

எதைக் குறைப்பது என்பதில் என் கட்சி கொஞ்சம் வேறு. சீரியல் பார்க்கிற பெண்களைத்தான் எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் சீரியல் பார்க்கிற அக்காவைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஒன்பதரை சீரியல் பத்து மணிக்கு முடிந்தே தீரும். சினிமாவும் 'வணக்கம்' போட்டு அனுப்பிவிடும். கிரிக்கெட் மேட்சும் அப்படித்தான். ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும்தான் முடிவே கிடையாது. முன்பெல்லாம் இணையத்தில் 'அடுத்த பக்கம்' என்று அழுத்தினால்தான் மேற்கொண்டு வரும். அந்த இடத்தில் கை ஒரு நொடி நிற்கும். போதும் என்று தோன்றுவதற்கு அந்த நொடி வேண்டும். அழுத்தவே தேவையில்லாமல் கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிற முறையை 2006-இல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். அதற்காக அவரே பிறகு வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார்.

இங்கே அது வந்து சேர்ந்த வரிசையைக் கடையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. 2020 ஜூன் 29-இல் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அப்பாடா என்று பெற்றோர்கள் மூச்சு விடுவதற்குள் ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். ஆகவே முடிவு உள்ளதைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் பாருங்கள். வெட்ட வேண்டியது முடிவில்லாததை மட்டும்.

இன்ஸ்டாகிராம், பேஸ்புக் இரண்டுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: ஆப்பை எடுத்துவிடுங்கள். "ஆப்ப எடுத்தா அக்கவுண்ட் போயிருமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகாது. போட்டோ, மெசேஜ், பாலோயர் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். தேவைப்பட்டால் குரோமில் லாகின் செய்து பார்த்துவிட்டு லாக்அவுட் செய்துவிடலாம். பாஸ்வேர்டை மட்டும் போனில் சேவ் பண்ணாதீர்கள். ஒவ்வொரு தடவையும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர் என்று அடிக்க வேண்டியிருந்தால் பாதி ஆசை அங்கேயே வடிந்துவிடும். சில போன்களில் பேஸ்புக்கைக் கம்பெனியிலேயே ஏற்றி அனுப்பியிருப்பார்கள், அன்இன்ஸ்டால் வராது. 'டிசேபிள்' கொடுங்கள்.

இன்ஸ்டாவில் சேலை, கேக் விற்கிறவர்கள் ஆப்பை எடுக்க முடியாது. அவர்களுக்கு ஆப் டைமர் இருக்கிறது. டிஜிட்டல் வெல்பீயிங்கில் அந்த ஆப்புக்கு நாளைக்கு அரை மணி நேரம் என்று வைத்தால், நேரம் தீர்ந்ததும் ஐகான் மங்கிவிடும். நடுராத்திரி தாண்டித்தான் மறுபடி திறக்கும். இதில் ஒரு ஓட்டை உண்டு. வைத்தவரே உள்ளே போய் டைமரைத் தூக்கிவிடலாம், அதைச் சீக்கிரமே எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஐபோனில் ஸ்க்ரீன் டைமுக்குத் தனி பாஸ்கோட் போடலாம். அதை வீட்டுக்காரம்மா போடட்டும். என்ன நம்பர் என்று கேட்காதீர்கள்.

யூடியூப்தான் சிக்கல் பிடித்தது. சமையல், பம்புசெட் ரிப்பேர், பாடம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. குரூப் 4-க்குப் படிக்கிற பையன் ஒருவன் வந்து, "அண்ணே, யூடியூபையே தூக்கிருங்க, கிளாஸ் பாக்கலாம்னு தொறந்தா ஷார்ட்ஸ்லயே பொழுது போயிருது" என்றான். தூக்கினால் கிளாஸும் போய்விடும். அவனுக்குப் படிப்புக்கென்றே தனியாக ஒரு கூகுள் அக்கவுண்ட் திறந்து, யூடியூபில் அதை மட்டும் வைத்தேன். யூடியூப் செட்டிங்ஸில் ஹிஸ்டரி பகுதிக்குப் போய், வாட்ச் ஹிஸ்டரியை அழித்து, பதிவாவதையும் நிறுத்தினேன். 2023 ஆகஸ்டிலிருந்து யூடியூபில் ஒரு ஏற்பாடு உண்டு. ஹிஸ்டரி இல்லாதவர்களுக்கு முகப்புப் பக்கம் வெறுமையாக இருக்கும். தேடுகிற பெட்டி மட்டும் மேலே இருக்கும், கீழே இழுத்தால் ஒன்றும் வராது. அவன் திறந்து பார்த்துவிட்டு, "நெட் இல்லையோ?" என்றான்.

பிறகு அவன் பார்க்கிற கிளாஸ் சேனல்களை மட்டும் சப்ஸ்கிரைப் செய்து, இனிமேல் சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்திலிருந்துதான் உள்ளே போக வேண்டும் என்று சொன்னேன். அங்கேயும் அந்தச் சேனல்காரர்கள் போட்ட ஷார்ட்ஸ் தலைகாட்டும்தான். ஆனால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். வீடியோவின் மேல் இருக்கிற ஆட்டோபிளே பொத்தானையும் அணைத்தாயிற்று. டவுன்லோட் ஆகிற வீடியோ என்றால் இறக்கிவைத்துக்கொண்டு, டேட்டாவை ஆஃப் செய்துவிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. இன்னொன்றும் சொன்னேன். பரீட்சையில் 200 கேள்வி, 3 மணி நேரம், கையில் போன் கிடையாது. அதனால் மாதிரித் தேர்வை போனில் எழுதாதே, தாளில் எழுது, போனை அம்மாவிடம் கொடுத்துவிடு.

'இடைவேளை எடுங்கள்' என்று ஞாபகப்படுத்துகிற வசதி ஒன்றும் யூடியூபில் இருக்கிறது. அதனால் பயன் இல்லை. ஒரு தட்டு தட்டினால் போய்விடும், எதற்காக வந்தது என்றுகூட நினைவிருக்காது.

திரையைக் கறுப்பு வெள்ளை ஆக்குவது நிறையப் பேருக்கு வேலை செய்கிறது. டிஜிட்டல் வெல்பீயிங்கில் 'பெட்டைம் மோட்' போய், 'கிரேஸ்கேல்' கொடுத்து, ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை என்று நேரம் வைத்துவிட்டால் தானாக மாறிக்கொள்ளும். கலர் போனால் ரீல்ஸ் சப்பென்று ஆகிவிடும், ஆனால் மெசேஜ் படிக்க ஒரு தடையும் இல்லை. வீட்டில் மற்றவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அப்பா போனில் டிஸ்பிளே போய்விட்டது என்று மகன் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடிவந்த கதையெல்லாம் நடந்திருக்கிறது.

வாட்ஸ்அப்பில் குரூப்புகளை 'எப்போதும்' என்று மியூட் செய்து ஆர்கைவில் தள்ளுங்கள். குடும்ப குரூப்பை விட்டு வெளியேற வேண்டாம், சித்தப்பா கோபித்துக்கொள்வார். போட்டோவும் வீடியோவும் தானாக டவுன்லோட் ஆவதையும் நிறுத்திவிடுங்கள். ஸ்டோரேஜும் மிஞ்சும்.

போன் தலையணைப் பக்கத்தில் இருக்கிறவரை இவ்வளவும் அரைகுறைதான். "அலாரத்துக்குத்தான் வச்சிருக்கேன்" என்பது எல்லோரும் சொல்கிற காரணம். 200, 300 ரூபாய்க்கு அலாரம் அடிக்கிற மேஜைக் கடிகாரம் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துச் சமையலறைப் பக்கம் மாட்டுங்கள். அவசர அழைப்பு வந்தால் கேட்கும்படி ரிங் சத்தத்தைக் கூட்டி வைத்தால் போதும். படுத்தபடி எட்டிப் பிடிக்க முடியாது என்பதுதான் இதில் விஷயம்.

மிஞ்சுகிற நேரத்தில் என்ன செய்வது என்பதை ஆப்பை அழிப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கை பரபரக்கும்போது யோசிக்க ஆரம்பித்தால் கதை முடிந்தது, டிவி ரிமோட் கைக்கு வந்துவிடும். காலை நாலு மணிக்கு ஓட்டம், மூன்று மாதத்தில் இங்கிலீஷ் என்று பெரிதாகப் போடாதீர்கள். நாள் முழுக்க உழைத்த உடம்பு அந்த வேளையில் சின்ன வேலைதான் கேட்கும். நான் ராத்திரியில் செத்த போர்டுகளை வைத்துக்கொண்டு சோல்டரிங் பழகுகிறேன். கையில் சூடான அயர்ன் இருக்கும்போது போனைத் தொட முடியாது. பக்கத்துத் தையல் கடை அக்கா கிளை நூலகத்தில் உறுப்பினராகி, புத்தகத்தைக் கட்டில்மேல் விரித்தே வைத்திருக்கிறார். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கேரம் போர்டைச் சுவரில் சாத்தி வைக்காமல் தரையில் போட்டு வையுங்கள், பவுடரும் பக்கத்திலேயே இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஐந்து நிமிடம், பேங்க் வரிசை, இதையெல்லாம் நிரப்ப வேண்டியதில்லை. சும்மா நில்லுங்கள், வேடிக்கை பாருங்கள்.

"பேசாம பட்டன் போனுக்கு மாறிரவா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. முழுக்க மாறினால் சிரமம். ஜிபே, போன்பே எல்லாம் அந்த சிம் எந்த போனில் இருக்கிறதோ அதோடு பிணைந்தவை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் பணம் அனுப்புவதில் தகராறு வரும். அதனால் பெரிய போனில் இருக்கிற சிம் அங்கேயே இருக்கட்டும். இன்னொரு சிம் வாங்கிப் பட்டன் போனில் போட்டு, அந்த நம்பரை வீட்டாருக்கு மட்டும் கொடுங்கள். மாலை கடை, ஆபீஸ் முடிந்த பிறகு அதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டாவது சிம் ஜியோ என்றால் 4ஜி பட்டன் போன் என்று கேட்டு வாங்குங்கள். அலமாரியில் கிடக்கிற பழைய 2ஜி போனில் ஜியோவுக்குச் சிக்னலே வராது.