கழிவுநீர்த் தொட்டி சேமிப்புத் தொட்டி அல்ல: பம்ப் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை போன்ற பகுதிகளில் சாலைக்கு மேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்துவிட்டதால், பல கட்டடங்களின் தரைத்தளம் மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் மேன்ஹோல் நிரம்பினால் கழிவு வீட்டுக்குள் திரும்பி வருகிறது. அத்தகைய இடங்களில் கழிவுநீரைத் தொட்டியில் சேர்த்துப் பம்ப் மூலம் மேலேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் நான் அதிகம் காணும் தவறு தொட்டியின் அளவுதான். லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்த நமக்கு, சம்ப் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்பது ஊறிப்போன எண்ணம். குடிநீருக்குச் சரியான அந்த எண்ணம் கழிவுநீருக்குப் பொருந்தாது. தரைத்தளத்தில் நான்கு வீடுகள், பதினாறு பேர் என்று வைத்துக்கொள்வோம். நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர், அதில் 80 சதவீதம் கழிவாகிறது என்று கணக்கிட்டால், ஒரு நாளைக்குச் சேர்வது ஏறத்தாழ 1,730 லிட்டர். இதற்கு 10,000 லிட்டர் தொட்டி கட்டி, நிரம்பிய பிறகே பம்ப் ஓடும்படி வைத்தால், கழிவு ஐந்து நாட்களுக்கு மேல் அங்கேயே தேங்கி அழுகும். அப்போது உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, ஈரமான சுவரில் கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரிக்கிறது.

80 மி.மீ. குழாயில் கசடு படியாமல் ஓட வினாடிக்குச் சுமார் 0.75 மீட்டர் வேகம் தேவை என்பதால், வினாடிக்கு 4 லிட்டர் தள்ளும் பம்ப் வேண்டும். அந்தப் பம்ப் மணிக்குப் பத்து முறைக்கு மேல் இயங்கத் தொடங்காமலிருக்க, ஓடத் தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் இடையே 400 லிட்டர் இருந்தால் போதும். மின்தடையின்போது சேரும் சில மணி நேரக் கழிவுக்கான இடத்தை அதற்கு மேலே ஒதுக்கலாம்.

மேல்தளக் கழிவையும் இதே தொட்டியில் இறக்குவது அடுத்த தவறு. தானாகவே தெருவுக்கு வழிந்தோடக்கூடியதை ஏன் கீழே இறக்கி, மின்சாரம் செலவழித்து மீண்டும் ஏற்ற வேண்டும்? பம்ப் பழுதானால் கட்டடம் முழுவதும் கழிப்பறையைப் பயன்படுத்த முடியாமல் போகும்.

வெளியேறும் குழாயில், நீரை ஒரே திசையில் மட்டும் விடும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு ஒன்றைப் பொருத்திவிட்டுப் பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த வால்வின் இடுக்கில் ஒரு துணித்துண்டு சிக்கினாலே தெருநீர் திரும்பிவிடும். குழாயைச் சாலையில் வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே ஏற்றி வளைத்து இறக்குவதே உறுதியான காப்பு. மழைநீரையும் இத்தொட்டியில் கலக்கக் கூடாது. மொட்டைமாடி நீர் ஒரே மழையில் பம்பைத் திணறடித்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்தபின், வியாசர்பாடியில் ஒரு குடியிருப்பின் தொட்டியைத் திறந்து பார்த்தேன். சமையலறை எண்ணெய் உறைந்து வெள்ளைப் பாளமாகப் படிந்திருக்க, அதில், நீர்மட்டத்தோடு மிதந்து ஏறிப் பம்பை இயக்க வேண்டிய ஃப்ளோட் சுவிட்ச் தலைகீழாகச் சிக்கியிருந்தது. அதன் வயர் பம்பின் சங்கிலியில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கழிவு ஏறியும் பம்புக்குச் செய்தி போகவில்லை. இரண்டாவது பம்பும் அதே ஃப்ளோட்டையே நம்பியிருந்ததால் இரண்டு இருந்தும் பயனில்லை. பம்புகளை இயக்கும் மின் பேனலோ அடித்தளத்திலேயே நீரில் மூழ்கிக் கிடந்தது. ஆகவே இரு பம்புகளும் மாறி மாறி ஓட வேண்டும். உயர்மட்ட எச்சரிக்கைக்குத் தனி ஃப்ளோட் வேண்டும். பேனல் வெள்ள மட்டத்துக்கு மேலே, ஜெனரேட்டர் இணைப்புடன் இருக்க வேண்டும்.

இவை அனைத்தையும்விட என்னை வருத்துவது, பம்பைக் கழற்ற ஆள் இறங்கியே தீர வேண்டும் என்னும் வடிவமைப்பு. ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடிக்கிறது. நாற்றம் தெரியவில்லை என்று நம்பி இறங்கியவர் மேலே வருவதில்லை. பாதுகாப்பு ஏற்பாடுகளின்றி ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதை, கையால் மலம் அள்ளும் பணியை ஒழிப்பதற்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வழிகாட்டிக் கம்பிகளில் பம்பை இறக்கிப் பொருத்தும் முறையில், மேலிருந்தே சங்கிலியை இழுத்து அதைத் தூக்கிவிடலாம். அதற்குத் தொட்டியின் மூடி பம்புக்கு நேர் மேலே, பம்ப் தாராளமாக வெளியேறும் அகலத்தில் இருக்க வேண்டும். சங்கிலியின் மேல்முனை, மூடியருகே நிற்பவர் குனிந்தால் கைக்கு எட்டும் கொக்கியில் மாட்டப்பட்டிருக்க வேண்டும்.